கோல சிலாங்கூரில் பாட்டுக்குக் குறை சொல்லும் வழக்கம்

கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழர்களிடையே ஒருவர் பாடியதை இன்னொருவர் கேட்டு நிறை குறை சொல்லும் வழக்கம், ஒலிப்பதிவுக் கருவிகள் வருவதற்கு வெகு முன்பே இருந்தது. கைப்பேசியில் பதிவு செய்த ராப் பாட்டை நண்பருக்கு அனுப்பிவிட்டு ‘உண்மையைச் சொல்லு’ என்று கேட்கும் இளைஞர், கோயில் மேடைக்கு முன்னால் வளர்ந்த ஒரு பழக்கத்தைத்தான் தொடர்கிறார். அந்தப் பழக்கத்தின் இடமும் ஆட்களும் காலப்போக்கில் மாறினார்கள். எப்படி மாறினார்கள் என்பதைத் தோட்டங்களின் கதையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோல சிலாங்கூர் பட்டணம் இருக்கிறது. வடக்கே கடற்கரையோரம் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் எனத் தென்னையும் நெல்வயலுமாகப் போகும் நிலம். தெற்கேயும் உள்நாட்டுப் பக்கமும் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ராஜா மூசா, புக்கிட் ஈஜோக், தென்னமரம், சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்ட்னர் போன்ற பெயர்கள் இன்றும் அங்குள்ள குடும்பங்களின் பேச்சில் ஊர்ப்பெயராகவே வழங்குகின்றன. இவற்றில் தென்னமரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் அங்கேதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். அவரே பின்னர் மலாயா வாழ்வைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கொன்கூர் பரிசு கிடைத்தது. மலாய்ப் பந்துன் பாட்டுகளை ஆசையோடு காது கொடுத்துக் கேட்ட தோட்டத்துரை அவர்.

இத்தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் வந்தவர்களில் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டத்தவர் மிகுதி. கூத்து, கும்மி, ஒப்பாரி, உடுக்கைப் பாட்டு ஆகியவற்றோடு, கேட்டவுடன் எதிர்ப்பாட்டு கட்டும் பழக்கமும் அவர்களோடு வந்தது. தஞ்சை வட்டாரத்து லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறுகட்சியும் விடிய விடியப் பாடும். எதிராளியின் அடியில் தாளம் தப்பினாலும் புராணச் செய்தி பிசகினாலும் அதையே அடுத்த பாட்டில் பிடித்துக்கொள்வார்கள். மேடையிலேயே, பாட்டாலேயே, கூட்டத்தின் முன்னாலேயே குறை சொல்வது என்னும் வழி தமிழனுக்குப் புதிதன்று.

தோட்டங்களில் அந்த வழி கோயில் திருவிழாவோடு ஒட்டிக்கொண்டது. மாரியம்மன் கோயில் திருவிழா இரவில் கூத்தோ நாடகமோ பாட்டுக் கச்சேரியோ நடக்கும். பாடியவர் ரப்பர்ப் பால்மரம் வெட்டுபவர், கேட்டவர் பக்கத்து நிரையில் வெட்டுபவர். மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே குறையைச் சொல்வதற்கு எழுதாத ஒழுங்கு ஒன்று இருந்தது. சித்தப்பாவோ பெரியப்பாவோ சொன்னால் அது கண்டிப்பு, பதில் பேசக்கூடாது. அண்ணன் சொன்னால் மனத்தாங்கலாகிவிடும். மாமனும் மச்சானும் சொன்னால் மட்டும் கேலியாகக் கடந்து போகும், சொன்ன செய்தியும் தங்கிவிடும். கேலி உரிமை உள்ள உறவின் வாயிலிருந்து வரும் விமர்சனத்துக்குக் கூர்மை அதிகம், காயம் குறைவு. இன்றைக்கும் மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் பாட்டைப் பற்றிக் கடுமையாக எதையாவது சொல்லப்போகிறார் என்றால் ‘மச்சி’ என்று தொடங்குவதைக் கேட்கலாம். உறவு இல்லாத இடத்திலும் அந்த உரிமையைக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

பிறகு பாட்டுத்திறன் போட்டி வந்தது. தோட்டத்து இளைஞர் மன்றம், கோயில் நிர்வாகம், பட்டணத்து இயக்கங்கள் எனப் பலரும் நடத்திய இந்தப் போட்டிகளில் விமர்சனம் முதன்முறையாகத் தாளில் ஏறியது. குரல்வளம், சுருதி, தாளம், உச்சரிப்பு, படைப்பு என்று பிரித்து நீதிபதிகள் புள்ளி போட்டார்கள். நீதிபதிகளில் ஒருவர் எப்போதும் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பார். உச்சரிப்புக்கான புள்ளியை அவரிடமிருந்து பறிப்பது கடினம். முடிவு அறிவிக்கும் முன் நீதிபதிகளில் ஒருவர் ஒலிபெருக்கியில் பொதுவாகச் சில வார்த்தைகள் சொல்வார். பெயர் சொல்ல மாட்டார். ஆனாலும் யாரைச் சொல்கிறார் என்பது பந்தலில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். இந்தப் பெயர் சொல்லாத நாகரிகம் நல்லதா என்பது கேள்விக்குரியது. பாடியவருக்கு எந்த இடத்தில் சுருதி விலகியது என்று தெரியாமலே போய்விடும். தன்னைத்தான் சொன்னார் என்பது மட்டும் தெரியும்.

எழுத்துக்கு இதைவிடத் தேறிய ஏற்பாடு ஒன்று மலாயாவில் இருந்தது. 1924இல் தொடங்கப்பட்ட ‘தமிழ் நேசன்’ நாளிதழில் 1950-51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பாடம் சொல்லிக் கொடுத்து, எழுதிப் பார்த்தவர்களின் கதைகளைப் படித்து, குறை நிறைகளைச் சொல்லித் தரம் பிரித்தார்கள். முகம் தெரியாத ஒருவருடைய முதல் முயற்சியை, அச்சில், காரணத்தோடு மதிப்பிடுவது அங்கே புதிய செயல். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வகுப்பை விட்டுவிட்டு எழுதுவதில்லை. அடுத்து 1952இல் சிங்கப்பூர் ‘தமிழ் முரசு’ இதழில் ‘ரசனை வகுப்பு’ நடந்தது. பாட்டுக்கு அப்படி ஒரு வகுப்பு யாரும் நடத்தியதாகத் தெரியவில்லை. வானொலியில் குரல் தேர்வு இருந்தது உண்மைதான். ஆனால் வானொலி நிலையம் இருந்த அங்காசாபுரிக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தவருக்குக் கிடைத்தது தேர்ச்சியா இல்லையா என்னும் பதில். ஏன் என்னும் பதில் அன்று.

ஒலிநாடாப் பெட்டி வீட்டுக்கு வந்தபோது நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக வேறானது. இரட்டை நாடாப் பெட்டியில் ஒரு பக்கம் இசை ஓட, மறுபக்கம் குரலைப் பதிய முடிந்தது. 1990களில் கரோக்கே பரவியது. கல்யாண வீட்டிலும் பிறந்தநாளிலும் யாரும் பாடலாம் என்றாகிவிட்டது. உறுமி மேளக் குழுக்களும் தங்கள் அடியை நாடாவிலும் பிறகு குறுந்தட்டிலும் பதிந்து விற்றன. பதிவு கேட்பவரைப் பாடுபவரிடமிருந்து பிரித்தது. மேடையில் தாளம் தப்பினால் கூட்டம் அந்த நொடியே சலசலக்கும். நாடாவை வாங்கிக்கொண்டு போனவர் ஒரு வாரம் கழித்து எதிரே வந்து ‘நல்லா இருந்துச்சு தம்பி’ என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் கேட்டாரா என்பதே சந்தேகம்.

அமெரிக்காவில் ஹிப்ஹாப் வளர்ந்த சூழலில் இதற்கு நேர் எதிரான இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கம் 1934 முதல் புதியவர்களுக்கான இரவை நடத்தி வருகிறது. பிடிக்காவிட்டால் கூட்டம் கூச்சலிட்டே இறக்கிவிடும். அந்த மேடையில் அதே ஆண்டு வென்றவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1973இல் பிராங்ஸில் கூல் ஹெர்க் நடத்திய விருந்திலிருந்து கணக்கிடப்படும் ஹிப்ஹாப்பும் இப்படிப்பட்ட கூட்டங்களின் முன்னால்தான் உரம் பெற்றது. இரண்டாவது ஏற்பாடு ‘தி சோர்ஸ்’ இதழில் 1990இல் தொடங்கிய, இசை நிறுவன ஒப்பந்தம் கிடைக்காத ராப் பாடகர்களுக்கான பத்தி. யார் வேண்டுமானாலும் நாடா அனுப்பலாம். தேறியதைப் பற்றி மட்டும் எழுதுவார்கள். 1992இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் 1998இல் எமினெமும் அந்தப் பத்தியில் இடம்பெற்றார்கள். அறிமுகமே இல்லாத ஒருவர் நாடாவைக் கேட்டு முடிவு சொல்வதுதான் அதன் பலம். கதை வகுப்பு செய்ததும் ஏறத்தாழ அதையே, நாற்பது ஆண்டு முன்னால்.

மலேசியாவில் 1990களின் தொடக்கத்தில் மலாய், ஆங்கில ராப் குழுக்கள் தலையெடுத்தன. ராப் பாடகர் யோகி பி இடம்பெற்ற பொயட்டிக் அம்மோ குழு 1998இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. தமிழ் ராப் தனி நடையாக நிலைபெற்றது 2006இல், யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோர் ‘யோகி பி & நட்சத்திரா’ என்ற பெயரில் கொண்டுவந்த ‘வல்லவன்’ தொகுப்போடு. இளையராஜா இசையமைத்த ‘நிழல்கள்’ படப் பாடலைத் தழுவிய ‘மடை திறந்து’ கடல் கடந்து தமிழ்நாட்டிலும் ஒலித்தது. கோயம்புத்தூர்க் குழுவான ஹிப்ஹாப் தமிழாவின் முதல் தொகுப்பு வெளிவந்தது 2012இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் மலேசியாவின் முந்தல் புரியும்.

ஆனால் ‘வல்லவன்’ வந்த நேரத்தில் கோல சிலாங்கூர்த் தோட்டங்கள் பழைய தோட்டங்களாக இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும். பல இடங்களில் நிலம் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிய தோட்டக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானபோது திருவிழா மேடை மட்டுமல்ல, அதன் முன்னால் உட்கார்ந்து கேட்ட மாமன் மச்சான் கூட்டமும் கலைந்தது. தோட்டம் கலைந்ததால் என்னென்ன போயிற்று என்று கணக்கெடுப்பவர்கள் இந்தக் கேட்கும் கூட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும்.

மலிவு வீட்டுப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் ராப் பதிவைத் தொடங்கியது படுக்கையறைக் கணினியில். கடையில் வாங்கிய ஒலிவாங்கி, எதிரொலியை அடக்க ஒரு போர்வை, எங்கிருந்தோ எடுத்த வெற்று இசை, இலவசமாகவோ திருட்டுப் பிரதியாகவோ கிடைத்த ஒலித்தொகுப்பு மென்பொருள். அப்பதிவுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டியபோது, பாட்டுத்திறன் போட்டியின் புள்ளித்தாள் எதற்கும் உதவவில்லை. சுருதி இல்லாத பாட்டுக்குச் சுருதிப் புள்ளி எதற்கு? புதிய அளவுகோலை அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு முதல் அளவுகோலாக ‘வல்லவன்’ பயன்பட்டது. தெளிவான உச்சரிப்பு, நெருக்கமான ஒலியடுக்கு, ஆங்கிலத்தை ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்ளும் நடை ஆகியவற்றோடு ஒப்பிட்டே எந்தப் புதிய பதிவும் பேசப்பட்டது.

அப்படிப் பேசப்பட்டவற்றுள் முதன்மையானது ஓசையொழுங்கு. ஆங்கில ராப்பில் அடியின் கடைசிச் சொற்கள் ஒத்து ஒலிக்க வேண்டும். தமிழ் யாப்பில் இதற்கு இயைபு என்ற பெயர் உண்டு. ஆனால் தமிழ்ச் செய்யுள் பெரிதாகக் கொண்டாடியது அடியின் தொடக்கத்தில் வரும் மோனையையும் எதுகையையும்தான். காரணம் எளிது. தமிழ்த் தொடர் வினைமுற்றில் முடியும். நடந்தேன், கடந்தேன், பார்த்தேன், சேர்த்தேன் என்று முயற்சியே இல்லாமல் கடைசி ஒலி ஒத்துவிடும். புதிதாக ராப் எழுதும் பையன் பதினாறு அடியும் ‘டா’வில் முடித்துவிட்டுப் பாட்டு அமைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். தேறிய காது உள்ள நண்பன் அங்கேதான் கை வைப்பான்: ‘டா’வை எடுத்துவிட்டுப் பாடு, என்ன மிஞ்சுகிறது பார்ப்போம். பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. ‘டா’வுக்கு முந்திய சொல்லையும் அதற்கு முந்தியதையும் ஒத்துவரச் செய்தால்தான் அடுக்கு. அடிமுதலில் எதுகையும் அடிக்கடைசியில் இயைபும் சேர்ந்து வந்தால் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்வார்கள். தொல்காப்பியர் பெயரைக் கேட்டிராத பிள்ளைகள் யாப்பிலக்கணப் பாடத்தை இப்படி ஒருவருக்கொருவர் நடத்திக்கொண்டார்கள்.

அடுத்தது எழுத்தொலி. துடிப்பை நிரப்புவதற்காகக் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும்: படம் பாடமாகும், கல் காலாகும், வடை வாடையாகும். மலாய்ப் பள்ளியில் படித்த பலர் வரிகளை ரோமன் எழுத்தில் எழுதிப் பாடினார்கள். அந்த எழுத்து குறில் நெடிலையும் லகர ளகர ழகரத்தையும் பிரித்துக் காட்டாது. எழுதிய பையனுக்கே இரண்டு நாள் கழித்துப் படிக்கும்போது தடுமாறும். இங்கே பழைய நீதிபதி திரும்பி வந்தார். பதிவைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ தமிழ்ப்பள்ளியில் படித்த அக்காவிடமோ போட்டுக் காட்டி, எந்தச் சொல் பிசகுகிறது என்று கேட்டுக்கொண்டவர்களின் பதிவு தேறியது. அப்படிக் கேட்கக் கூச்சப்பட்டவர்களின் பதிவில் ‘வாழ்க்கை’ எப்போதும் ‘வால்க்கை’யாகவே ஒலித்தது.

தாளத்தில் ஒரு வட்டாரத் தொல்லையும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் தாளப் பயிற்சி உறுமி மேளம். அதன் அடி பல நேரம் திஸ்ர நடையில், மூன்று மூன்றாக ஓடும். ஹிப்ஹாப்பின் அடித்தளம் நான்கு. நிமிடத்துக்கு 90 துடிப்பு என்றால் நான்கு துடிப்பு கொண்ட பார் பதினாறு சேர்ந்த ஒரு பத்தி ஏறத்தாழ 43 விநாடியில் முடிந்துவிடும்; அதற்குள் மூச்சு எங்கே எடுப்பது என்பது எழுதும்போதே தீர்மானமாக வேண்டும். உறுமியில் ஊறியவர்கள் பாதியில் தெரியாமலே மூன்றுக்கு நழுவிவிடுவார்கள். அது தெரிந்து செய்ததா தெரியாமல் நடந்ததா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும்: இன்னொரு முறை அப்படியே பாடச் சொல்வது. தெரிந்து செய்தவர் மறுபடியும் அதே இடத்தில் நழுவுவார். மலேசியத் தமிழ் ராப்பின் சுவையான இடங்கள் சில இப்படிப்பட்ட நழுவலைப் பிழை என்று ஒதுக்காமல் பழக்கிக்கொண்டதால் வந்தவை. குறை சொல்பவர் ஆங்கிலப் பாட்டை மட்டும் அளவாக வைத்திருந்தால் அவற்றையும் திருத்தியிருப்பார்.

ஒலித்தரம் பற்றிய குறைகளை நீட்டி எழுத வேண்டியதில்லை. இசை குரலை மூழ்கடிப்பது, ப, ட போன்ற வல்லினம் ஒலிவாங்கியில் வெடிப்பது, ஒலி உச்சத்தில் கிழிவது ஆகியவையே எங்கும் உள்ள குறைகள். காரில் ஒரு முறை, கைப்பேசியில் ஒரு முறை போட்டுப் பார்த்தால் அவை தானே தெரியும்.

பொருள் பற்றிய சண்டை அப்படித் தீரவில்லை. 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. அதற்குப் பின் பாட்டில் வரும், கும்பலைக் குறிக்கக்கூடிய எண், கைச்சைகை, கத்தி எல்லாவற்றையும் பெற்றோரும் ஆசிரியரும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015இல் ஒரு தமிழ்ச் சிறுவன் கும்பலை நோக்கி நகர்வதைக் காட்டியது. அடுத்த ஆண்டு பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ அதே உலகத்தைப் பெரிய திரைக்குக் கொண்டுபோனது. அதில் மலேசிய ராப் பாடகர் ரோஷன் ஜாம்ராக்கின் குரலும் இருந்தது. ‘நாங்கள் பார்த்ததைத்தானே பாடுகிறோம்’ என்பது இளைஞர்களின் பதில். அந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. பார்த்ததைப் பாடுகிறவரின் பாட்டில் தெருப்பெயர் இருக்கும், பேருந்து நிறுத்தம் இருக்கும், அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பது இருக்கும். இரவல் வாங்கிப் பாடுகிறவரின் பாட்டில் துப்பாக்கி மட்டும் இருக்கும். ‘இதை நீ எங்கே பார்த்தாய்?’ என்று கேட்டவர்கள் செய்த நன்மை, ‘இதையெல்லாம் பாடாதே’ என்று தடுத்தவர்கள் செய்ததைவிடப் பெரிது.

குறையை வாங்கிக்கொள்ளும் முறையும் மெல்லப் படிந்தது. பாட்டை அனுப்பும்போதே எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுவது, பலர் இருக்கும் குழுவில் போடாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது, பதில் வந்தவுடன் விளக்கம் சொல்லாமல் அந்த இடத்தை மீண்டும் பதிந்து அனுப்புவது ஆகியவை அதன் நடைமுறைகள். எதிர்ப்பாட்டு கட்டித் திட்டுவதும் உண்டு. லாவணியின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்ல ஆசை வரும். ஆனால் லாவணிக்காரர் எதிராளியின் பாட்டைத் தாக்கினார். இவர்கள் எதிராளியின் குடும்பத்தைத் தாக்குகிறார்கள். அப்படிப்பட்ட பதிவுகளால் யாருடைய பாட்டும் தேறவில்லை.

சிங்கப்பூரில் உருவான பேண்ட்லேப் போன்ற இசைப்பதிவுச் செயலிகள் வந்த பிறகு கணினியும் வேண்டியதில்லை. பேருந்தில் உட்கார்ந்தே பதிவு செய்யலாம். பதிவுகள் பெருகின, கேட்டுச் சொல்ல ஆள் குறைந்தது. ஒலிக்கலவை செய்து கொடுப்பவர் நல்ல காது உள்ளவராகவே இருப்பார். ஆனால் அவர் கூலி வாங்குகிறவர், வாடிக்கையாளரை இழக்க விரும்ப மாட்டார். கேட்டால் ஒழியத் தானாகச் சொல்ல மாட்டார். உறவினர்கள் இதயப் படம் ஒன்றை அனுப்புவதோடு சரி. எஞ்சியிருப்பவர் அதே பாட்டில் அடுத்த பத்தியைப் பாடவிருக்கும் நண்பர். முதல் பத்தி மோசமாக இருந்தால் பாட்டு முழுவதும் கெடும், அவர் பெயரும் சேர்ந்து கெடும். இன்றைய நிலையில் கோல சிலாங்கூர் ராப் இளைஞருக்கு உள்ளதைச் சொல்லும் முதல் விமர்சகர் பெரும்பாலும் இவர்தான்.